மஞ்சப்பையும் கேரிபேக்கும்: தமிழகக் கடைவீதியில் பையின் வரலாறு

தமிழகத்தில் கடைக்குப் புறப்படுகிறவர் கையில் பையோ கூடையோ தூக்குவாளியோ எடுத்துக்கொண்டு போவது 1980-கள் வரை பொது வழக்கம். சரக்கை அளந்து கொடுப்பது கடைக்காரர் வேலை. அதை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கக் கலம் கொண்டுவருவது வாங்குபவர் வேலை. இந்தப் பொறுப்பு 1990-களில் கடைக்காரர் பக்கம் போனது. 2019 முதல் அரசு அதைச் சட்டத்தின் வழியாக வாங்குபவரிடமே திருப்பிவிட முயன்று வருகிறது. தமிழகத்தில் ஒரு சூழல் நட்புப் பழக்கம் எப்படி இருந்தது, எப்படிப் போனது, எவ்வளவு திரும்பியது என்பதை இந்த இடமாற்றத்தைப் பின்தொடர்ந்தாலே அறியலாம்.

சில்லறை வணிகத்தின் பழைய முறை

மளிகைக் கடைக்குச் சரக்கு மொத்தமாக வந்து இறங்கியது. அரிசி, பருப்பு, சர்க்கரை கோணிச் சாக்கில் வந்தன. எண்ணெய் தகர டின்னில் வந்தது. புளியும் கருப்பட்டியும் ஓலைப்பாயிலும் ஓலைப்பெட்டியிலும் வந்தன. கடைக்காரர் படியாலோ தராசாலோ அளந்து கொடுத்தார். காலியான சாக்கும் டின்னும் குப்பைக்குப் போகவில்லை. இரண்டுக்கும் மறுவிலை இருந்தது. டின் தண்ணீர் பிடிக்கவும் அரிசி போட்டு வைக்கவும் உதவியது. சாக்கு மிதியடியாகவும் மழைக்குக் கொங்காணியாகவும் பல ஆண்டு உழைத்தது.

கடுகு, சீரகம், மிளகு போன்ற சில்லறைச் சாமான்கள் செய்தித்தாள் பொட்டலத்தில் மடிக்கப்பட்டன. கடையின் மேலே தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து நான்கு சுற்றுச் சுற்றி அறுப்பதில் கடைப் பையன்களுக்குத் தனித் தேர்ச்சி உண்டு. அந்தச் செய்தித்தாள் வீடுகளிலிருந்து பழைய பேப்பர் கடை வழியாக மளிகைக் கடைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் முழுஆண்டுத் தேர்வு முடிந்த நோட்டுகள் வேர்க்கடலைப் பொட்டலமாயின.

ஈரப் பொருள்களுக்கு இலைகள் இருந்தன. பூ வாழையிலையில் மடித்து வாழைநாரால் கட்டப்பட்டது. இறைச்சி தாமரை இலையிலும் தேக்கிலையிலும் வந்தது. ஓட்டல் இட்லிக்கு உள்ளே வாழையிலை, வெளியே செய்தித்தாள். சாம்பார் வேண்டுமென்றால் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும். எண்ணெய்க்குப் பாட்டிலும் பாலுக்குச் சொம்பும் வீட்டிலிருந்தே போயின. கோலி சோடா கடைவாசலிலேயே குடிக்கப்பட்டது. பாட்டிலை வெளியே கொண்டுபோக விரும்பினால் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டில், கழுவிக் கழுவி நிரப்பப்படுவதற்கென்றே தடித்த கண்ணாடியில் வார்க்கப்பட்டது.

தென் மாவட்டங்களில் இந்த வேலைகளில் பெரும்பங்கைப் பனையோலை ஏற்றுக்கொண்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் கடகம், பெட்டி, கொட்டான் என்று அளவுக்கும் உபயோகத்துக்கும் ஏற்பப் பெயர் மாறும் ஓலைக் கலங்கள் முடையப்பட்டன. கருவாடு, கருப்பட்டி, சந்தைக் காய்கறி எல்லாம் அவற்றில்தான் பயணம் செய்தன. செட்டிநாட்டில் சாயமேற்றிய ஓலையால் நுணுக்கமாக முடைந்த கொட்டான்கள் திருமணச் சீர்வரிசையில் இடம்பெற்றன. செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்.

இவற்றுக்கெல்லாம் காரணம் இயற்கைப் பற்று அல்ல, சிக்கனம். கலத்தின் விலை அதிகம், அதை முடைபவர், கழுவுபவர், மடிப்பவர் ஆகியோரின் கூலி குறைவு. எனவே கலத்தை எறிவது நட்டம், திரும்பப் பயன்படுத்துவது லாபம். பழைய முறைகள் எல்லாமே நல்லவை என்றும் சொல்வதற்கில்லை. அச்சு மை பட்ட செய்தித்தாளில் உணவைப் பொதியக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்தது.

மஞ்சப்பை

இந்தக் கலங்களுள் மிகப் பரவலானது துணிப்பை. அதிலும் மஞ்சள் நிறக் காடாத் துணியில் தைத்து, இரு பக்கமும் அச்சிட்ட பை. மஞ்சள் மங்கல நிறம் என்பதால் கல்யாண வீடுகள் அதை விரும்பின. விருந்து முடிந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுக்கப்படும் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரும் திருமண நாளும் அச்சாகியிருக்கும். ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் தங்கள் பெயரையும் ஊரையும் அச்சிட்டுக் கொடுத்தன. கடைக்கு அது நடமாடும் விளம்பரம். வீட்டுக்கு அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சாமான்.

ஒரு கல்யாணப் பை முதலில் காய்கறி வாங்கப் போகும். பிறகு ரேஷன் கடைக்குப் போகும். வெளுத்த பின் வீட்டுப் பத்திரங்களும் ரசீதுகளும் வைக்கும் பையாக ஆணியில் தொங்கும். கிழிந்ததும் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகும். நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் கிராமத்தவர் தங்கள் காகிதங்களை அதில்தான் கொண்டுவந்தனர்.

அதே காரணத்தால் மஞ்சப்பை பட்டிக்காட்டின் அடையாளமாகவும் ஆனது. நகரத்துக்கு மஞ்சப்பையோடு வந்து இறங்குபவர் என்றால் விவரம் அறியாதவர் என்று திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் பல ஆண்டுகள் பழக்கின. துணிப்பை பின்வாங்கியதற்குப் பிளாஸ்டிக்கின் மலிவு மட்டுமன்றி இந்தக் கூச்சமும் காரணம்.

இடைக்காலத்தில் ஒயர் கூடை வந்தது. பெண்கள் வீட்டிலேயே பின்னிய அந்தப் பல வண்ணக் கூடை பிளாஸ்டிக்கால் ஆனது. ஆனாலும் ஒன்று பின்னினால் பத்தாண்டுகள் உழைத்தது. அதை எடுத்துச் செல்லும் பழக்கம் துணிப்பையின் பழக்கமே. கடைவீதியில் பிளாஸ்டிக் நுழைந்ததாலேயே பழைய முறை உடைந்துவிடவில்லை. இலவசமாகக் கிடைத்து உடனே எறியப்படும் பை வந்தபோதுதான் அது உடைந்தது.

கேரிபேக்கின் வருகை

பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் நிறுவன ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள். பனியன் வடிவில் இரு கைப்பிடிகளோடு ஒரே தாளில் வெட்டி ஒட்டும் பையை 1960-களில் உருவாக்கியவர் சுவீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாஃப் துலின். இந்தியாவில் 1969-இல் வதோதராவில் நிறுவப்பட்ட அரசின் பெட்ரோகெமிக்கல் நிறுவனமும் பின்னர் தனியார் ஆலைகளும் மூலப்பொருளை உள்நாட்டிலேயே பெருக்கின. 1990-களில் சிறு ஊர்களிலும் பை ஊதும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. மறுசுழற்சிக் குருணையில் செய்த கறுப்புப் பை மீன்கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் என்றே ஆனது.

கடைக்காரருக்குக் கேரிபேக் மலிவு; பொட்டலம் மடிக்கும் நேரம் மிச்சம்; அலுவலகத்திலிருந்து நேரே வரும் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. ஒரு கடை கொடுத்ததும் பக்கத்துக் கடையும் கொடுத்தாக வேண்டியிருந்தது. பை கேட்டு வாங்குவது உரிமையாக மாறியது. அதே காலத்தில் ரேஷன் கடை மட்டும் பை கொடுக்கவில்லை. அங்கு இன்றுவரை எவரும் பையில்லாமல் போவதில்லை. அதே குடும்பம், அதே தெரு. கடை கொடுக்காத இடத்தில் பழக்கம் நிலைத்தது, கொடுத்த இடத்தில் மறைந்தது.

குப்பையில் தேங்கியது ஏன்

தமிழகத்தில் பழைய பொருள் வணிகம் வலுவானது. இரும்பு, பேப்பர், பாட்டில், தடித்த பிளாஸ்டிக் எல்லாம் காயலான் கடைக்கு வந்துவிடும். மெல்லிய பை மட்டும் அந்த வலையில் சிக்கவில்லை. நான்கு கிராம் எடையுள்ள பையென்றால் ஒரு கிலோ சேர 250 பை பொறுக்க வேண்டும்; அவையும் மீன் நீரும் குழம்பும் ஒட்டியவை. பொறுக்குபவருக்குக் கூலி கட்டாது. எனவே பை சாக்கடையை அடைத்தது, மாட்டின் வயிற்றுக்குப் போனது, குப்பைமேட்டில் எரிந்து நச்சுப் புகையானது.

மத்திய அரசின் முதல் விதிகள் இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தன. பையைத் தடிமனாக்கினால் விலை ஏறும், பொறுக்கவும் கட்டும் என்பது எதிர்பார்ப்பு. 1999-இல் குறைந்தபட்சத் தடிமன் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் இறுதியில் 120 என்று உயர்ந்தது. தடிமனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பது இந்த விதிகளின் பலவீனம். அளவு குறைந்த பை எது என்று சந்தையில் நிற்கும் நகராட்சி ஊழியரால் கண்டறிய இயலவில்லை.

எறிந்த பிறகு அதை என்ன செய்வது என்ற தேடலும் நடந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பூசித் தாரோடு கலந்து சாலை போடும் முறையை வகுத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் சாலைக்கும் யாராவது பையைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

தடையின் வழி

2002-ஆம் ஆண்டில் உலகில் இரு முறைகள் அருகருகே சோதிக்கப்பட்டன. வெள்ளக் காலத்தில் வடிகால்களை அடைத்த பைகளை வங்கதேசம் முற்றிலும் தடை செய்தது. அயர்லாந்து தடை செய்யாமல் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி போட்டது. பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஒன்று கொடுப்பதை நிறுத்தியது, மற்றது இலவசத்தை நிறுத்தியது.

தமிழகம் தடையின் பக்கம் சென்றது. முதல் சோதனைக் களம் நீலகிரி. 2000-களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு அங்கே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தார். மலைப்பாதைகள் சிலவே, சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்க்க முடியும் என்பது அந்த மாவட்டத்துக்கு இருந்த வசதி. மாநிலம் முழுமைக்குமான தடை மசோதா ஒன்று 2002-இல் பேரவைக்கு வந்தும் சட்டமாகவில்லை.

2018 ஜூன் 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையில் தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எந்தத் தடிமனிலும் உள்ள கேரிபேக், உணவு பொதியும் தாள், தட்டு, தேநீர்க் குவளை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் பட்டியலில் இருந்தன. தடிமனைப் பொருட்படுத்தாததால் மைக்ரான் சிக்கல் இல்லாமல் போனது. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கிடைத்தது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. நாடு முழுவதும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கான தடை 2022 ஜூலை 1 அன்று வந்தது.

தடை வந்த முதல் மாதங்களில் இறைச்சிக் கடை வாசலில் எவர்சில்வர் பாத்திரங்கள் மீண்டும் தென்பட்டன. பாத்திரம் கொண்டுவருவோருக்குச் சில உணவகங்கள் விலையைக் குறைத்தன. வாழையிலைக்கும் பாக்குமட்டைத் தட்டுக்கும் தேவை கூடியது. கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் பழைய பைகள் திரும்பின. துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகளும் பரவின; அவை பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை.

மீண்டும் மஞ்சப்பை

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைச் சென்னையில் தொடங்கிவைத்தார். கேலிக்குள்ளான பொருளையே பெருமைக்குரியதாக நிறுத்தியது அதன் உத்தி. அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலராக இருந்தவரும் சுப்ரியா சாகுதான். மறுஆண்டு கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது; பிற சந்தைகளுக்கும் பேருந்து நிலையங்களுக்கும் அது பரவியது. மகளிர் குழுக்கள் சிலவற்றுக்குப் பை தைக்கும் வேலை கிடைத்தது. பையை மறந்து வந்தவருக்கு உதவுவதே இயந்திரத்தின் நோக்கம்.

துணிப்பையின் நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பருத்திச் சாகுபடிக்கும் நூற்புக்கும் சாயத்துக்கும் நீரும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் பைக்கு இது இரண்டரை ஆண்டு வேலை. பிடிதுணியாகும்வரை உழைத்த பழைய கல்யாணப் பை இந்த அளவை எட்டக்கூடியது. விழாதோறும் இலவசமாக வழங்கப்பட்டு அலமாரியில் தூங்கும் பை எட்டாது. குப்பை, கடல், கால்நடை என்ற கணக்கில் துணிப்பை எப்போதும் மேலானதுதான். வெப்பமாதல் கணக்கில் அது மேலாவது திரும்பத் திரும்ப எடுத்துச் செல்லும்போது மட்டுமே.

பைக்குள் இருக்கும் பை

துணிப்பையை எடுத்துச் செல்வதால் மட்டும் பழைய முறை முழுதாகத் திரும்பிவிடாது. சாக்கிலிருந்து அளந்து விற்கப்பட்ட பருப்பும் மசாலாவும் இன்று ஆலையிலேயே உறையிடப்பட்டு வருகின்றன. இந்த மாற்றத்தில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. ஷாம்பூவைச் சிறு சாஷேயில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கும் முறையைப் பரப்பியவர்களுள் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலின் சிக் ஷாம்பூ கிராமங்கள்வரை சென்றது. பல அடுக்கு ஒட்டிய அந்தச் சிறு உறையை மறுசுழற்சி செய்வது கேரிபேக்கைவிடக் கடினம். அதை வாங்குபவர் வீட்டிலிருந்து கலம் கொண்டுவந்து தவிர்க்கவும் வழியில்லை.

2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022-இல் வந்த நெறிமுறைகளும் அதனால் உற்பத்தியாளரை நோக்கின. சந்தைக்கு அனுப்பும் உறையின் அளவுக்கு ஏற்பக் கழிவைத் திரும்பச் சேகரித்துச் செயலாக்குவது அவரது கடமை என்று அவை விதிக்கின்றன. கலத்தின் பொறுப்பு முதலில் வாங்குபவரிடம் இருந்தது, பிறகு கடைக்காரரிடம் போனது. இன்று அது மூவருக்கும் பிரிந்து கிடக்கிறது: பை எடுத்துவருவது வாங்குபவர் பங்கு, இலவசப் பையை மறுப்பது கடைக்காரர் பங்கு, உறையைக் குறைப்பதும் திரும்ப எடுப்பதும் ஆலையின் பங்கு.