வைர உட்பொதிவுகள்

வைர உட்பொதிவு என்பது வைரப் படிகத்தினுள் அமைந்துள்ள பிற கனிமத் துகள்கள், வெடிப்புகள், வளர்ச்சிக் கோடுகள், முகில் போன்ற மங்கல்கள் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். நகை வணிகத்தில் இவை புள்ளி, கீற்று, குறை, தோஷம் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. கல்லின் மேற்பரப்பில் மட்டும் காணப்படும் கீறல், தேய்வு முதலியன மேற்பரப்புக் குறைகள் எனத் தனியே வகுக்கப்படும். வைரத்தின் விலையைத் தீர்மானிக்கும் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கு பண்புகளுள் தெளிவு என்பது பெரும்பாலும் உட்பொதிவுகளைப் பொறுத்தது. எனினும், ஓர் உட்பொதிவு தோற்றத்தைக் கெடுக்கும் அளவும் விலையைக் குறைக்கும் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

உருவாகும் விதம்

இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை நிலத்துக்கடியில் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் உருவானவை. படிகம் வளரும்போது அருகிலிருந்த கார்னெட்டு, ஒலிவின், குரோமைட்டு, சல்பைடு முதலிய கனிமங்களின் நுண்துகள்கள் அதனுள் சிக்கிக்கொள்கின்றன. கிம்பர்லைட்டு எனப்படும் எரிமலைப் பாறைக்குழம்பு வைரங்களை மேலே கொண்டுவரும்போது அழுத்தமும் வெப்பமும் மாறுவதால், துகள்களைச் சுற்றி வெடிப்புகளும் உண்டாகலாம். கரும்புள்ளிகள் பல, கரிமத்தின் மற்றொரு வடிவமான கிராபைட்டாகவோ சல்பைடாகவோ இருக்கும்.

தென்னிந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபூர் மாவட்டத்திலுள்ள வச்சிரகரூர் பகுதியில் கிம்பர்லைட்டுப் பாறைகள் உள்ளன. தமிழ்நாட்டில் வைரச் சுரங்கம் இல்லை. போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகள் சார்னோக்கைட்டு, நைசு போன்ற உருமாறிய பாறைகளால் ஆனவை. அங்கு வைரம் தரும் பாறைகள் அறியப்படவில்லை. எனவே மதுரை போன்ற நகரங்களின் வைரங்கள் வணிகத்தின் வழி வந்தவை எனக் கருதலாம்.

வகைகள்

* புள்ளி: பத்து மடங்கு உருப்பெருக்கத்திலும் சிறு பொட்டாகவே தெரிவது.
* படிகம்: வைரத்தினுள் பொதிந்த வேறொரு கனிமத் துகள் அல்லது மற்றொரு சிறு வைரம். இது நிறமற்றதாகவோ கருப்பு, சிவப்பு, பச்சை நிறங்களிலோ இருக்கலாம்.
* முகில்: எண்ணற்ற நுண்புள்ளிகளின் கூட்டம். அடர்ந்திருந்தால் கல் முழுவதும் பால்கலந்தது போல் மங்கும்.
* இறகு: உள்வெடிப்பு. பக்கவாட்டில் பார்க்கும்போது இறகு போல் வெண்மையாகத் தெரியும்.
* வளர்ச்சிக் கோடு: படிகம் வளர்ந்த போக்கில் ஏற்பட்ட ஒழுங்கின்மையைக் காட்டும் கோடு.

தோற்றத்தில் ஏற்படும் விளைவு

வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42 ஆகும். இது மிகுதியாக இருப்பதால் கல்லினுள் புகும் ஒளி பட்டைகளில் பலமுறை எதிரொளித்து மேல்முகம் வழியே வெளியேறுகிறது. வைரத்தின் சுடருக்கு இதுவே காரணம். இதே காரணத்தால், நடுவில் அமைந்த ஒரு கரும்புள்ளி பட்டைகளில் எதிரொளித்துப் பல புள்ளிகளாகவும் தெரியக்கூடும். அதே புள்ளி ஓரத்தில் இருந்தால் நகையின் பிடிக்கம்பி அதனை மறைத்துவிடும்.

ஆகவே உட்பொதிவுகளை மதிப்பிடும்போது அவற்றின் அளவு, எண்ணிக்கை, இடம், தன்மை, பளிச்செனத் தெரியும் அளவு ஆகிய ஐந்தும் கருத்தில் கொள்ளப்படுகின்றன. பல பட்டைகள் கொண்ட வட்ட வெட்டு சிறு குறைகளை மறைக்கும். அகன்ற படிகள் போன்ற பட்டைகள் கொண்ட சதுர, செவ்வக வெட்டுகளில் அவை எளிதில் தெரியும். கல்லின் ஓரத்தை எட்டும் பெரிய இறகு, தோற்றத்தைவிடக் கல்லின் உறுதியையே மிகுதியாகப் பாதிக்கும். பதிக்கும்போதோ அடிபடும்போதோ கல் அவ்விடத்தில் உடையலாம்.

தரவரிசையும் விலையும்

1931இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் வகுத்த தெளிவுத் தரவரிசை உலகெங்கும் பயன்படுகிறது. இதில் 11 படிகள் உள்ளன. குறையற்றது, உட்குறையற்றது ஆகிய இரண்டுக்கும் கீழே வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்பன இவ்விரு படிகளாகவும், ஐ என்பது மூன்று படிகளாகவும் அமைந்துள்ளன. தரம் பத்து மடங்கு உருப்பெருக்கத்தில், பயிற்சி பெற்றவரால் கணிக்கப்படுகிறது.

வி.வி.எஸ்., வி.எஸ். தரக் கற்களின் உட்பொதிவுகள் பொதுவாக வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. எஸ்.ஐ. தரத்தில் சில கற்களில் தெரியும், சிலவற்றில் தெரியாது. ஐ தரத்தில் அவை எளிதில் தெரிவதோடு கல்லின் ஒளியையும் குறைக்கலாம். எடை, நிறம், வெட்டு ஆகியன ஒத்த இரு கற்கள் காதில் அணிந்தபின் வேறுபாடின்றித் தோன்றினும், அருமை கருதி உயர்தரக் கல்லின் விலை மிகுதியாக இருக்கும். மாறாக, தெளிவு உயர்ந்தும் வெட்டு சரியில்லாத கல் ஒளியிழந்து காணப்படும்.

தரச்சான்றிதழில் உட்பொதிவுகளின் இடம் வரைபடமாகக் குறிக்கப்படுவதுண்டு. எந்த இரு இயற்கைக் கற்களின் உட்பொதிவுகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. எனவே பழுது பார்க்கவோ மாற்றிக் கட்டவோ கொடுத்த கல்லே திரும்பி வந்துள்ளதா என அறிய அவ்வரைபடம் உதவும்.

தமிழ் மரபில்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கோவலன் கண்ட மதுரையின் மணிக்கடைத் தெருவில் காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்கு குற்றங்கள் நீங்கிய வைரங்கள் இருந்தன எனக் கூறப்படுகிறது. காகபாதம் காக்கையின் கால்போல் கிளைத்த குறி, விந்து புள்ளி, ஏகை கோடு, களங்கம் கறை. இவற்றை இன்றைய வகைகளோடு ஒப்பிடலாமாயினும் முற்றிலும் ஒன்றெனக் கொள்ள இயலாது. அடியார்க்கு நல்லார் உரையில் வைரக் குற்றங்கள் பன்னிரண்டு என்னும் பகுப்பு காணப்படுகிறது. அவற்றுள் கீற்று, துளை, கரி போன்றவற்றுடன் முனை முறிதல் முதலிய வடிவக் குறைகளும் அடங்கும். வடமொழியில் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் காகபாதத்தை வைரக் குற்றமாகக் குறிப்பிடுகிறது.

தமிழகத்தில் ஏழு கல் வைரத்தோடு மரபான அணிகலன் ஆகும். ஒரு சோடியில் 14 கற்கள் இருப்பதால், ஒவ்வொன்றின் தரத்தைப் போலவே அவை ஒன்றோடொன்று ஒத்திருத்தலும் முதன்மை பெறுகிறது. மங்கலான ஒரு கல் மற்றவற்றின் நடுவே தனித்துத் தெரியும். பின்புறம் மூடிக் கட்டிய நகையில் கல்லை முழுமையாகச் சோதிக்க இயலாது. கரும்புள்ளியுள்ள வைரம் குடும்பத்துக்குத் தீங்கு தரும் என்ற நம்பிக்கையால், கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்தபின் வாங்கும் வழக்கமும் உண்டு. இதற்கு அறிவியல் சான்று இல்லை.

வரலாற்றுச் சான்றுகள்

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களைப் பார்வையிட்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இந்தியக் கைவினைஞர் குறையற்ற கல்லைச் சிறிதளவே தீட்டினர் என்றும், புள்ளியோ வெடிப்போ உள்ள கல்லை அக்குறை மறையுமாறு பல பட்டைகளாகத் தீட்டினர் என்றும் எழுதியுள்ளார். எடையை இழப்பதா, குறையை வைத்திருப்பதா என்பது தீட்டுவோரின் நீங்காத சிக்கலாகும். கோகினூர் வைரம் 1852இல் இலண்டனில் மீண்டும் வெட்டப்பட்டபோது, அதன் எடை ஏறத்தாழ 191 கேரட்டிலிருந்து 105.6 கேரட்டாகக் குறைந்தது. ஒரு கேரட்டு என்பது 0.2 கிராம் ஆகும்.

செயற்கைச் சீரமைப்பு

லேசர் கதிரால் நுண்துளையிட்டு, கரும்புள்ளியை அமிலத்தால் வெளுக்கச் செய்யும் முறை உண்டு. மேற்பரப்பை எட்டும் வெடிப்புகளில், வைரத்தை ஒத்த ஒளிவிலகல் கொண்ட கண்ணாடிப் பொருளை நிரப்பி மறைப்பதும் உண்டு. பிந்தையது நிலையானதன்று, பற்றவைக்கும் சுடரின் வெப்பம் நிரப்பியைச் சிதைக்கலாம். எனவே இத்தகைய கற்களை விற்பவர் அதனை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறிவியல் பயன்

வணிகர் குறையெனக் கழிப்பதே புவியியலாளருக்கு அரிய சான்றாக அமைகிறது. உட்பொதிவுகளின் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு வைரத்தின் வயது கணிக்கப்படுகிறது. பிரேசிலில் கிடைத்த, வணிக மதிப்பில்லாத ஒரு பழுப்பு வைரத்தினுள் ரிங்வூடைட்டு என்னும் கனிமம் நீர்க்கூறுடன் இருப்பது 2014இல் வெளியிடப்பட்டது. புவியின் 410 முதல் 660 கிலோமீட்டர் வரையான ஆழத்தில், ஒரு பகுதியிலேனும் நீர் உண்டு என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று. மேலும், உயர் அழுத்த முறையில் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரங்களில் உலோகத் துகள்கள் இருக்கலாம் என்பதால், இயற்கைக் கல்லைப் பிரித்தறியவும் உட்பொதிவுகள் உதவுகின்றன.