அந்த ‘அதான்’

1948இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில், காஸ்மிக் கதிர்கள் பதிந்த படத்தகடுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்த 22 வயது மாணவி ரோஸ்மேரி பிரவுன், ஒரு துகள் மூன்று பையான்களாகச் சிதைந்த தடத்தைக் கண்டார். அன்று கன மெசான் எனப்பட்ட வகை அது, பெயர் ‘டௌ’. அதே நிறையும் அதே ஆயுளும் கொண்ட ‘தீட்டா’வோ இரண்டு பையான்களாகச் சிதைந்தது. இரண்டும் ஒரே துகள் என்றால், இயற்கை இடத்தையும் வலத்தையும் சமமாக நடத்துகிறது என்ற அனுமானம் பொய்யாகிவிடும். அதனால் அவை வேறு வேறு துகள்கள் என்றே பலரும் சொல்லிப் பார்த்தார்கள்.

1956இல் லீயும் யாங்கும் பழைய ஆய்வுகளைப் புரட்டினார்கள். இத்தகைய மென்விசைச் சிதைவுகளில் அந்த அனுமானத்தை யாருமே சோதித்திருக்கவில்லை. அமெரிக்காவில் சியன்-ஷியுங் வூ சோதித்தார். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடுங்குளிரில் ஒரே திசையில் சுழலவைத்து, எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் வெளியேறுகின்றன என்று தன் குழுவினரோடு எண்ணினார். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தது. அனுமானம் விழுந்தது; டௌவும் தீட்டாவும் ஒரே கே-மெசான் ஆயின.

1957 நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. வூவுக்கு இல்லை. பிரவுன் 1949இல் மணமாகி, முனைவர் பட்டத்தை முடிக்காமலே ஆய்வை விட்டார். பிரிஸ்டல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியபோது ஆண்டு 2024. அவருக்கு வயது 98.

இந்தத் துறையின் சூடு மயிலாப்பூரிலும் இருந்தது. லஸ் சர்ச் சாலையில் அல்லாடி ராமகிருஷ்ணனின் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டில் மாணவர்கள் கூடிக் கோட்பாட்டு இயற்பியல் பேசினார்கள். 1960இல் நீல்ஸ் போர் அங்கே வந்தார். இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 1962இல் பிறந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான். ராமகிருஷ்ணனிடம் துகள் இயற்பியல் ஆய்ந்தவர்களில் கேரளத்திலிருந்து படிக்க வந்த டி.கே. ராதாவும் ஒருவர். 1965–66இல் ஓப்பன்ஹைமர் இயக்குநராக இருந்த பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் அவர் உறுப்பினர். மணமாகிக் கனடாவில் குடியேறியபின் கணினித் துறைக்குப் போய்விட்டார்.

ஆய்வைப் பாதியில் விட்ட பெண்களைப் பற்றிக் கேட்டால் என் மாணவிகளே சொல்கிறார்கள்: “கல்யாணம் ஆச்சு மேடம், அதான்.” அந்த ‘அதான்’ இயற்கை விதிபோல ஒலிக்கிறது. பிள்ளை வளர்ப்பையும் அடுப்படியையும் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தபின், எத்தனை பெண்கள் ஆய்வை விடுகிறார்கள் என்று நம் வீடுகள் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்தச் சோதனை நடக்கும்வரை ‘அதான்’ வெறும் அனுமானம்.