பழைய விரிசல்

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டரை மணி இருக்கும். கடலூருக்கு வடக்கே, கடலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் காலனி. அடுப்படியில் பாத்திரங்கள் கலகலத்தன. ‘எவன்டா கட்டில ஆட்டுறது?’ என்று ஆயா சத்தம் போட்டது. சில நொடிகள்தான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அன்று ராத்திரி யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை.

புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் உண்டான நிலநடுக்கம் அது. அளவு 5.5. சென்னையிலும் மாடிவீட்டுக்காரர்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். பெரிய சேதமில்லை என்பதோடு அந்தச் செய்தி முடிந்துபோனது. சேதமில்லை என்று எழுதுவது யார், எந்தத் தெருவைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

விடிந்து பார்த்தபோது எங்கள் தொகுப்பு வீட்டின் மூலையில் தரையிலிருந்து கூரைவரை சுவர் பிளந்திருந்தது. விரலை விடலாம். சில நாள் கழித்துப் பார்க்க வந்த அதிகாரி வாசலிலேயே நின்றுகொண்டு, ‘இது பழைய விரிசல்யா, ஆட்டத்துல வந்ததில்ல’ என்றார். ஆயா விடவில்லை. ‘பழசுதாங்க. கட்டுன மறுவருசமே உட்டுப்போச்சி. அப்பவும் மனு குடுத்தோம், யாரும் வரல. இப்ப ஆடுனதுல வாயப் பொளந்துக்கிச்சி. இதுல எத எழுதிக்கப் போறீங்க?’

அவர் எதையும் எழுதவில்லை.

அந்த விரிசலுக்கு ஒரு வரலாறு உண்டு. காண்ட்ராக்டர் கலந்தது கடற்கரை மணல். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து காரையைத் தள்ளும். சிமெண்டைக் குறைத்தால் சுவருக்குப் பிடிமானம் இருக்காது. அப்படிக் கட்டிய வீட்டைப் பிளக்கச் சின்ன ஆட்டமே போதும். ஓலைக் குடிசையில் இருந்தவரை பூமி ஆடினால் தலையில் விழ எங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அரசாங்கம் கொடுத்த கூரைதான் எங்களைப் பயமுறுத்தியது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். இயற்கை நிகழ்ச்சிக்கு இப்படிக் காரணம் சொல்வது அறிவுக்கு ஒவ்வாதது என்று தாகூர் மறுத்தார். இருவர் விவாதமும் புகழ்பெற்றது. எனக்கு இதில் கேட்க வேண்டியது வேறு. பாவம் செய்தவன் ஊரில் இருக்கிறான். பூமி சேரியை விட்டுவிட்டா ஆடியது? தண்டனை என்றால் எங்களுக்கு எதற்கு?

எங்கள் வீடு ஆடிய அதே 2001-இல், ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் நிவாரணத்தில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பூமி பார்க்காத சாதியை முகாம் பார்த்தது.

2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தியது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போனது. இனிக் கட்டும் கட்டடங்களுக்குக் கூடுதல் உறுதி வேண்டும் என்பது அதன் பொருள். ஏற்கெனவே கட்டிக் கொடுத்த காலனி வீடுகளை யார் வந்து சோதித்தார்கள்? எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நடந்த பெரும் நடுக்கம் எங்கள் கரைக்குச் சுனாமியாக வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீனவ மக்கள் இழந்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே கரையில் மீன் சுமந்தவர்கள், உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்கள் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகும் வலையும் இருந்தால்தான் அது இழப்பு. எங்களுக்கு மறுபடியும் ‘பழைய விரிசல்’தான்.

ஆயா இப்போது இல்லை. சுவர் எந்த வருசம் விட்டது, மனு யாரிடம் கொடுத்தோம், யார் வரவில்லை, எல்லாம் அது மனசில் இருந்தது. கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பிறகு தெருவில் மற்ற வீடுகளுக்கும் போனேன். வீட்டுக்கு ஒரு பக்கம். இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் காலனியில் இந்த வேலையைத் தொடங்கலாம். அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு வாசலில் நின்று ‘இது பழசு’ என்று சொல்பவரிடம், ‘ஆமாம், எத்தனை பழசு என்று இதில் இருக்கிறது’ என்று அந்த நோட்டை நீட்ட வேண்டும்.