பிரிகேட், டிவிஷன், ரெஜிமென்ட்... ராணுவத்தில் எது பெரிசு? எளிய விளக்கம்

"பையன் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருக்கான்" என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோர் திண்டுக்கல்லிலும் உண்டு. ஆனா, அவர் எந்த எல்லையில் நிற்கிறார் என்பதை ரெஜிமென்ட் பெயர் சொல்லாது. ஏன்?

கீழிருந்து மேலே பார்ப்போம்:

• செக்‌ஷன்: சுமார் 10 வீரர்கள்
• பிளாட்டூன்: 3 செக்‌ஷன்கள்
• கம்பெனி: 3 பிளாட்டூன்கள், சுமார் 120 பேர்
• பட்டாலியன்: சுமார் 800 பேர். தலைமை கர்னல்
• பிரிகேட்: பொதுவாக 3 பட்டாலியன்கள். தலைமை பிரிகேடியர்
• டிவிஷன்: பொதுவாக 3 பிரிகேட்கள். கூடவே பீரங்கி, பொறியாளர், சிக்னல் பிரிவுகளும் இருக்கும். தலைமை மேஜர் ஜெனரல்
• கோர்: பல டிவிஷன்கள். தலைமை லெப்டினன்ட் ஜெனரல்
• கமாண்ட்: களத்துக்கு 6, பயிற்சிக்கு 1. தமிழ்நாடு வருவது புனேயில் உள்ள தெற்கு கமாண்டின் கீழ்

அப்போ ரெஜிமென்ட் எங்கே?

இந்த ஏணியில் அதற்குப் படி கிடையாது. ரெஜிமென்ட் என்பது வீரரின் தாய்வீடு மாதிரி. 1758-ல் வேர் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. பயிற்சியும் பாரம்பரியமும் அங்கே. சண்டைக்கு அதன் பட்டாலியன்கள் தனித்தனியாக வெவ்வேறு பிரிகேட்களுக்குப் போகும். ஒரே பிரிகேடில் மெட்ராஸ் பட்டாலியன் பக்கத்திலேயே சீக்கியர், கூர்க்கா பட்டாலியன்களும் இருக்கலாம்.

குடும்பத்தார் கவனத்துக்கு

வீட்டில் அவசரம் என்றால் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனையாவது பட்டாலியன், வீரரின் ராணுவ எண் என்ன என்பதைக் குறித்து வையுங்க. அதே விவரத்தை, இருக்கும் இடத்தோடு சேர்த்து ஃபேஸ்புக்கில் மட்டும் போட்டுடாதீங்க.