பச்சை விளக்கு சொல்லும் பாதி உண்மை



"விளக்கெல்லாம் சரியாகத்தான் எரிகிறது, ஆனால் இணையம் மட்டும் வரவில்லை." இணைய வசதி உள்ள எந்த வீட்டிலும் ஒருமுறையேனும் ஒலித்திருக்கக்கூடிய கூற்று இது. ரூட்டர் என்னும் சிறு பெட்டியின் முகப்பில் பச்சை விளக்குகள் வரிசையாக ஒளிர்கின்றன. கணினித் திரையோ பக்கத்தைத் திறக்க இயலவில்லை என்கிறது. இவ்விரண்டில் எதை நம்புவது? விளக்கு பொய் சொல்கிறதா? அல்லது விளக்கு சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நாமே எடுத்துக்கொள்கிறோமா?

நம் கேலாங்கை எடுத்துக்கொள்வோம். இங்கே லோரோங்குகளில் ஒற்றைப்படை எண்கள் சாலையின் வடபுறமும் இரட்டைப்படை எண்கள் தென்புறமும் அமைந்துள்ளன. இம்முறையை அறிந்தவர் எண் பலகையைக் கொண்டே எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்துவிடலாம். ஆயினும் அந்த லோரோங்கில் நாம் தேடிச் செல்லும் கடை இன்று திறந்திருக்கிறதா என்பதை அப்பலகை சொல்லாது. பலகை தவறன்று. அதற்குத் தெரிந்தது அவ்வளவே. அடையாள விளக்கும் அத்தகையதே. இதனை உணர, அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஒளியே செய்தியாக இருந்த காலம்

1871-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திச் சேவை தொடங்கியது. அக்காலக் கடலடிக் கம்பிகளில் மறுமுனைக்கு வந்து சேரும் மின்னோட்டம் மிகவும் மெல்லியது. அதனைக் கண்டறிய வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் 1858-இல் ஒரு கருவியை அமைத்தார். மின்னோட்டம் வரும்போது கருவிக்குள் தொங்கும் சிறு கண்ணாடி ஒன்று மெல்லத் திரும்பும். கண்ணாடியில் பட்ட விளக்கொளி, எதிரேயுள்ள அளவுகோலில் இடமும் வலமுமாக நகரும். அந்த ஒளிப்புள்ளியின் அசைவைப் பார்த்தே தந்தி எழுத்தர் செய்தியைப் படித்தார்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். ஒளியை அசைத்தது கடல் கடந்து வந்த மின்னோட்டமே. இடையில் வேறு எவரும் இல்லை. செய்தி வந்தால் ஒளி அசையும், வராவிட்டால் அசையாது.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. 1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலப்படும் செந்நிற ஒளியை உமிழும் டையோடை உருவாக்கினார். குறைந்த மின்சாரத்தில் நெடுநாள் எரியும் இவ்விளக்குகள் மின்னணுக் கருவிகளின் முகப்புகளுக்கு வந்து சேர்ந்தன. 1981-இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் முகப்பில் இத்தகைய விளக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஈரெழுத்துக் குறி, ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருள். 1994-இல் சிங்நெட் தொடங்கியபின் நம் நாட்டு இல்லங்களிலும் மோடம்கள் பரவின. தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கிய நா. கோவிந்தசாமி அவர்கள் 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றிய காலமும் அதுவே. அன்று விளக்கோடு ஒலியும் துணை நின்றது. தொலைபேசிக் கம்பியில் இரு மோடம்களும் கீச்சிட்டுப் பேசிக்கொள்வதைக் காதால் கேட்டே இணைப்பின் நிலையை அறிந்தோம்.

பின்னர் அகண்ட அலைவரிசை வந்தது, ஒலி மறைந்தது, விளக்கு மட்டும் எஞ்சியது. அதுவும் பெரும்பாலும் கருவிக்குள் இயங்கும் மென்பொருளின் கட்டளைப்படி எரியும் விளக்காயிற்று. மென்பொருள் எதைச் சோதிக்கிறதோ, அதை மட்டுமே விளக்கு அறியும்.

ஒரு விளக்கு விளைத்த பேரிடர்

அடையாள விளக்கைத் தவறாகப் பொருள்கொள்வதால் எவ்வளவு பெரிய தீங்கு நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையம். 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலை 4 மணியளவில் அங்கு ஒரு கோளாறு ஏற்பட்டது. அழுத்தத்தைக் குறைப்பதற்காக ஒரு வால்வு தானே திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலோ அதற்குரிய விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் கருதினர்.

உண்மை என்ன? அந்த விளக்கு வால்வோடு இணைக்கப்படவில்லை. வால்வை இயக்கும் மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அதாவது, "மூடு" என்ற கட்டளை சென்றதை அது காட்டியதேயன்றி, வால்வு மூடியதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே வெளியேறியது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. இதனை ஆராய்ந்த குழுவின் தலைவர் ஜான் கெமனி. 1964-இல் தாமஸ் கர்ட்ஸுடன் இணைந்து மாணவர்களுக்காக பேசிக் கணினிமொழியை உருவாக்கிய கணிதப் பேராசிரியர். விபத்துக்குப் பின், அத்தகைய வால்வுகளின் உண்மை நிலையை நேரடியாகக் காட்டும் அமைப்பு வேண்டும் என்பது விதியாயிற்று.

கட்டளை வேறு, நிறைவேற்றம் வேறு. அணு உலைக்கு மட்டுமன்று, நம் வீட்டு ரூட்டருக்கும் இப்பாடம் பொருந்தும்.

நம் வீட்டுப் பெட்டிகள் அறிந்தது எவ்வளவு?

2010-இல் நாடளாவிய கண்ணாடி இழைக் கட்டமைப்பின் வழி சேவைகள் தொடங்கின. இன்று பெரும்பாலான வீடுகளில் சுவரிலுள்ள இழை முனையிலிருந்து ஒரு சிறு கருவிக்கும், அதிலிருந்து ரூட்டருக்கும் இணைப்புச் செல்கிறது. முதற்கருவியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், இழையில் ஒளி வரவில்லை அல்லது மிகவும் நலிந்துள்ளது என்பது பொருள். 'பிஓஎன்' விளக்கு அசையாமல் பச்சையாக ஒளிர்ந்தால், மறுமுனையிலுள்ள நிலையக் கருவியோடு தொடர்பு ஏற்பட்டுள்ளது என்பது பொருள். அதற்கு அப்பால் உள்ள எதையும் அது அறியாது. பல ரூட்டர்களில் 'இணையம்' என்ற விளக்கு, சேவை நிறுவனம் ஓர் எண் முகவரியை வழங்கியவுடன் எரியத் தொடங்கும். அம்முகவரியைக் கொண்டு உலகைச் சென்றடைய முடிகிறதா என்பதை அது சோதிப்பதில்லை. கம்பியில்லா இணைப்புக்குரிய விளக்கோ, ரூட்டர் அலையைப் பரப்புகிறது என்று மட்டுமே சொல்லும்.

நம் நாட்டில் நிகழ்ந்த இரு தடைகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சிங்டெலின் இழைவழிச் சேவை தடைப்பட்டது. முகவரி வழங்கும் சர்வரில் ஏற்பட்ட கோளாறே காரணம். இத்தகைய கோளாறில் 'பிஓஎன்' விளக்கு பச்சையாகவே இருக்கும். முகவரி கிட்டாத ரூட்டரின் 'இணையம்' விளக்கு எரியாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஸ்டார்ஹப் சேவை தடைப்பட்டது. அங்கே பழுதுபட்டது பெயர்ச் சர்வர். அதாவது, நாம் தட்டச்சு செய்யும் இணையப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் தொலைபேசிப் புத்தகம் போன்றது. இவ்வகைக் கோளாறில் இழை நலம், தொடர்பு நலம், முகவரியும் உண்டு. ஆகவே எல்லா விளக்குகளும் பச்சையாக இருக்கக்கூடும். எனினும் பக்கங்கள் திறவா.

அந்த ஏப்ரல் மாதத்தை ஆசிரியர்கள் மறக்க இயலாது. நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகள் 7-ஆம் நாள் நடப்புக்கு வந்தன. மறுநாள் முதல் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே கற்றனர். கோளாறு நிறுவனத்தின் சர்வரில் இருக்க, தன் வீட்டுப் பெட்டியில்தான் குறை என்று எண்ணிக் கம்பிகளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தால் பயன் உண்டோ?

முறையாக ஆராயும் வழி

இணையம் வரவில்லையெனில், சுவரிலிருந்து தொடங்கிக் கணினியை நோக்கி வரிசையாக வருக. முதலில் 'எல்ஓஎஸ்': சிவப்பாயின் இழை மடங்கியுள்ளதா எனப் பார்த்து, நிறுவனத்தை அழைக்க. அடுத்து 'பிஓஎன்'. பிறகு இரு கருவிகளுக்கும் இடையிலுள்ள கம்பி. பிறகு 'இணையம்' விளக்கு. அதுவும் எரிந்தால், கணினியை ரூட்டரோடு கம்பி வழியே நேரடியாக இணைத்துப் பார்க்க. கம்பியில் வந்து காற்றில் வராவிட்டால் குறை கம்பியில்லா இணைப்பில்; கேலாங்கின் பழைய கடைவீடுகளில் தடித்த சுவர்களே அதற்குக் காரணமாகலாம். கம்பியிலும் வராவிட்டால், கைப்பேசியின் தரவுச் சேவையைக் கொண்டு அதே பக்கத்தைத் திறக்க முயல்க. அண்டை வீட்டாரையும் வினவுக. அதே நிறுவனத்தின் சேவையைப் பெறும் அவர்களுக்கும் வரவில்லையெனில், பெரும்பாலும் பழுது நம் வீட்டில் இல்லை. அந்நிலையில் ரூட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்து எழுப்புவது பயனற்றது. முகவரி வழங்கும் சர்வரே பழுதாகியிருந்தால், கையிலிருந்த முகவரியையும் இழக்க நேரிடலாம்.

ஆசிரியர் பெருமக்களுக்கு இறுதியாக ஒன்று. இணையவழி வகுப்பில் மாணவன் பெயரருகே தோன்றும் பச்சைப் புள்ளியும் ஓர் அடையாள விளக்கே. அது அவனுடைய கருவி இணைந்திருப்பதைச் சொல்லும். அவன் கேட்கிறானா, புரிந்துகொள்கிறானா என்பதைச் சொல்லாது. அவ்வாறே, புள்ளி அணைந்துவிட்டால் அவன் வகுப்பைப் புறக்கணித்தான் என்பதும் பொருளன்று. கடன் வாங்கிய கைப்பேசியோடு ஒரே அறையில் மூவர் படிக்கும் வீடாகவும் அது இருக்கலாம். பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெறுவதும், பதில் வராவிடில் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதுமே வால்வை நேரடியாகப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். எந்த விளக்கைக் கண்டாலும், "இது எதனோடு இணைக்கப்பட்டுள்ளது?" என்று வினவும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் ஊட்டுவோம்.