பசுமைமாறா அகன்ற இலைப் புதர்ச்செடிகளை இனங்காணல்

ஆண்டின் எந்தப் பருவத்திலும் முழுக்க இலையுதிர்த்து மொட்டையாக நிற்காமல், அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்து வளரும் தட்டை இலைச் செடிகளைப் பசுமைமாறா அகன்ற இலைப் புதர்கள் என்கிறோம். தமிழ்நாட்டு வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் காணும் அரளி, நந்தியாவட்டை, வெட்சி, செம்பருத்தி, குரோட்டன்ஸ் ஆகியவை இவ்வகை. இவை இலையே உதிர்ப்பதில்லை என்று எண்ண வேண்டாம். பழைய இலை பழுத்து விழுவதற்குள் நுனியில் புதுத் தளிர் வந்துவிடுவதால் செடி ஒருநாளும் வெறுமையாகத் தெரிவதில்லை.

‘அகன்ற இலை’ என்ற சொல் ஊசியிலை மரங்களிலிருந்து பிரித்துக் காட்ட எழுந்தது. இலையின் அகலத்தை அது சுட்டுவதில்லை. அரளி இலை குறுகலானது, ஆனாலும் அகன்ற இலை வகையில்தான் சேரும். பனை, டிராசீனா போன்றவற்றின் இணைநரம்பு இலைகள் இங்கே சேரா. தொல்காப்பிய மரபியல், வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் பிரித்து, இரண்டின் உறுப்புகளுக்கும் தனித்தனிச் சொற்பட்டியல் தருகிறது. செடியின் உடலமைப்பைப் பார்த்து வகுக்கும் அந்தப் பார்வை இன்றைய இனங்காணலுக்கும் மிக அருகில் இருக்கிறது.

செடியின் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் பூவைத்தான் காட்டுகிறார்கள். தோட்டச் செடியில் பூ நம்பத்தகாத சாட்சி. வேலியாக வெட்டப்படும் செடி பூக்காமலே ஆண்டுகளைக் கழிக்கும். அடுக்குப் பூ வகைகளில் இதழ் எண்ணிக்கை குழம்பிவிடும். நிறமோ நர்சரிக்கு நர்சரி மாறும். மாறாமல் நிற்பது கணு. இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்: கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி வந்தால் மாற்றிலை அமைவு, எதிரெதிரே இரண்டு வந்தால் எதிரிலை அமைவு, மூன்றோ அதற்கு மேலோ ஒரே கணுவைச் சுற்றி நின்றால் வட்ட இலை அமைவு. அடுத்து, இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளிலேயே தெருவிலுள்ள செடிகளில் பாதி பிரிந்துவிடும்.

இதன் அருமை ‘அரளி’ என்ற பெயரில் தெரியும். அரளியும் மஞ்சள் அரளியும் வெவ்வேறு பேரினங்கள். செவ்வரளி, வெள்ளரளி என்று நிறத்தால் வழங்குவது நீரியம். இதன் இலைகள் கணுவுக்கு மூன்றாக நிற்கும். இலை தடித்து விறைப்பாக இருக்கும். நடுநரம்பு புடைத்திருக்க, கிளைநரம்புகள் சீப்புப் பற்கள் போல நெருக்கமாகப் பக்கவாட்டில் ஓடும். கிள்ளினால் வரும் சாறு பெரும்பாலும் தெளிந்தே இருக்கும்; வெண்பால் கொட்டாது. இலையின் அடிப்பக்கத்தைக் கைலென்ஸில் பார்த்தால் நுண்ணிய குழிகளும் அவற்றுள் மெல்லிய மயிர்களும் தெரியும். இலைத்துளைகள் அக்குழிகளுக்குள் பதுங்கியிருப்பதால் நீரிழப்பு குறைகிறது. நெடுஞ்சாலை நடுத்திட்டில் வெயிலுக்கும் புகைக்கும் ஈடுகொடுத்து நிற்க இது உதவுகிறது. மாடுகள் கடிக்காததும் அங்கே நடப்படுவதற்கு ஒரு காரணம்.

மஞ்சள் அரளி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி ஆந்த்ரே தெவேயின் நினைவாகத் தெவீஷியா என்று பெயர் பெற்றது. இதன் இலை இன்னும் ஒடுக்கமானது, பளபளப்பானது. கணுவுக்கு ஒன்றாகத் திருகுசுழலில் ஏறும். கிள்ளினால் வெண்பால் உடனே வடியும். காய் பச்சையாகக் கோணல் உருண்டையாகத் திரண்டு, முதிர்ந்து கறுக்கும். நீரியத்தின் காயோ நீண்ட இரட்டை நெற்று. வெடித்தால் பஞ்சுமயிர் விதைகள் பறக்கும். மஞ்சள் புனல் வடிவப் பூவை மட்டும் பார்ப்பவர் அல்லமாண்டாவையும் இதோடு சேர்த்துவிடுவார். அல்லமாண்டாவின் இலைகள் அகன்றவை, மூன்று நான்காக வட்டத்தில் நிற்பவை. கொடிபோலச் சாயும் அதன் கிளையில் காய் அரிதாகவே பிடிக்கும். பிடித்தால் முள் போர்த்திருக்கும்.

பெயர்க் குழப்பத்தோடு இது முடிவதில்லை. நீரியம், மஞ்சள் அரளி இரண்டிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகள் எல்லா உறுப்புகளிலும் உள்ளன. அலரி என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் மஞ்சள் அரளியின் நஞ்சு வட இலங்கை மருத்துவமனைகள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் சிக்கல். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் நிற்கும் செடி எது என்று தெரிந்திருப்பது கட்டாயம். பாலைத் தொட்டுப் பார்த்த பிறகு கையைக் கழுவ வேண்டும். எந்தச் செடியையும் சுவைத்து இனங்காண முயலக் கூடாது.

எதிரிலைச் செடிகளில் வெள்ளைப் பூக்கள் ஒரு தனிச் சிக்கல். அடுக்கு நந்தியாவட்டையையும் கார்டேனியாவையும் நர்சரிக்காரர்களே மாற்றிச் சொல்வதுண்டு. இரண்டுக்கும் பளபளக்கும் கரும்பச்சை இலை, மணமுள்ள வெண்பூ. நந்தியாவட்டை அரளியின் குடும்பமான அப்போசைனேசியைச் சேர்ந்தது. கிள்ளினால் பால் வரும், கிளை ஒவ்வொரு கட்டத்திலும் கவையாகப் பிரியும். கார்டேனியாவில் பால் இல்லை. அதன் கணுவைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு இலைக்காம்புகளுக்கும் இடையில் மெல்லிய செதில் ஒன்று தண்டை அணைத்திருக்கும். எதிரிலை, பிளவுபடாத விளிம்பு, காம்பிடைச் செதில், பாலின்மை ஆகியவை ஒருங்கே இருந்தால் அது ரூபியேசி குடும்பம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். காப்பிச் செடியும் இந்தக் குடும்பமே. தாவரவியலில் இத்தனை எளிதாகக் கைகொடுக்கும் அடையாளம் வேறு அதிகம் இல்லை.

வெட்சியிலும் இதே செதிலைக் காணலாம். அதன் முனை ஊசிபோல நீண்டிருக்கும். சென்னையில் இதை இட்லிப்பூ என்பார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். நிரை கவரும் போர்த் திணைக்குப் பெயர் தந்த செடி இன்று பூங்கா வேலியில் கத்தரிபட்டு நிற்கிறது. இலை ஏறக்குறையக் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். நீண்ட மெல்லிய குழலின் முனையில் நான்கு இதழ்கள் சிலுவையாக விரியும். கருஞ்சிவப்புப் பழத்தைச் சிறுவர்கள் தின்பார்கள். பேரினத்துக்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த இக்சோரா என்ற பெயர் ஈஸ்வரன் என்பதன் திரிபு என்பர்.

எதிரிலை வேலிச் செடிகளில் டுரண்டாவை இலையின் மேற்பாதியில் மட்டும் தெரியும் பற்களாலும் ஆரஞ்சு மணிக்காய்களாலும் அறியலாம். ஆடாதோடை கணுக்கள் வீங்கிய, பெரிய மென்மையான இலைச் செடி. ஆடு தொடாத இலை என்பதே பெயராயிற்று என்று சொல்வார்கள்.

மாற்றிலைச் செடிகளில் செம்பருத்திக்கு இலையின் அடியிலிருந்தே பிரியும் நரம்புகள், மேற்பாதி விளிம்பில் பற்கள், கசக்கினால் கொழகொழப்பு. காகிதப்பூவில் இலைக்கக்கத்தில் முள். அதில் வண்ணமாகத் தெரிபவை பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவிலுள்ள சிறு வெண்குழல். குரோட்டன்ஸ் மட்டும் இலைவடிவத்தை வைத்துப் பிடிபடாது. ஒரு வகையில் இலை பரந்திருக்கும், இன்னொன்றில் நாடாபோல முறுக்கியிருக்கும், வேறொன்றில் இலைப்பரப்பு பாதியில் நின்று வெறும் நடுநரம்பாக நீண்டு நுனியில் இன்னொரு இலைத்துண்டைத் தொங்கவிடும். அத்தனையும் ஒரே இனம். இங்கே தடித்த தோல்போன்ற இலை, பல்லில்லாத விளிம்பு, நரம்போரம் பரவும் மஞ்சள் அல்லது சிவப்பு ஆகியவற்றைச் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

கூட்டிலையா தனியிலையா என்று ஐயம் வந்தால் மொட்டைத் தேட வேண்டும். மொட்டு இலையின் கக்கத்தில் இருக்கும், சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது. கறிவேப்பிலையில் நாம் ஈர்க்கோடு முறிப்பதுதான் ஓர் இலை. அதன் சிற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் ஊசித்துளைகள்போல ஒளிரும். எலுமிச்சையிலும் அதே புள்ளிகள் உண்டு; இரண்டும் ரூட்டேசி குடும்பம்.

மலையேறினால் பட்டியல் மாறிவிடும். நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் குட்டையாக முறுகி வளரும் காட்டுப் பூவரசு, ரோடோடென்ட்ரான் வகை. இலைகள் கிளைநுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கம்பளிபோல மயிரடர்ந்து தெரியும். செம்பூக்கள் இல்லாத மாதத்திலும் அந்த அடிப்பக்கமே போதும்.

நூல்களில், கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி 1915 முதல் 1936 வரை வெளிவந்தது; திருச்சி ரேபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ எழுதிய தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதி 1980-களில் வந்தது. இரண்டிலும் இனங்காணும் திறவுகோல்கள் பூவின் உட்பகுதியை நம்பியே செல்கின்றன. பூக்காத வேலிச் செடியோடு அவற்றை அணுகுபவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். கோயம்புத்தூரிலுள்ள சென்னை உலர்தாவரகம் போன்ற இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க ஒற்றை இலை போதாது. இரண்டு மூன்று கணுக்களும் முதிர்ந்த இலையும் தளிரும் கொண்ட கொப்பாக எடுக்க வேண்டும், காய் இருந்தால் அதையும் சேர்த்து. பால், மணம், பூநிறம், செடியின் உயரம் ஆகியவற்றைக் கொப்பு எடுக்கும் இடத்திலேயே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தி உலர்த்திய பிறகு மாதிரியில் அவை மிஞ்சுவதில்லை.