கோப்பியை வீழ்த்திய மஞ்சட்பொடி

சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலைத் தோட்டத்திலே பயிர்களைத் தாக்கும் நோய்களைப் பற்றி மாணவர்க்கு ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. கத்தரி இலையில் துளை, மிளகாய் இலையில் சுருட்டை என்று ஒவ்வொருவரும் ஏதோவொன்றைப் பறித்து வந்து காட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் வீட்டு லயத்தின் பின்புறம் தானாக முளைத்து நின்ற கோப்பிச் செடியிலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்தாள். மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகள்; திருப்பிப் பார்த்தால் அடிப்புறமெங்கும் மஞ்சளுஞ் சிவப்புங் கலந்த பொடி. “ஐயா, தொட்டால் விரலில் ஒட்டுகிறது” என்றாள். நான் தாவரவியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி, வரலாறு படிப்பித்தே தலை நரைத்தவன். ஆயினும் அந்தப் பொடியை நான் அறிவேன். அச்சிறுமியின் முன்னோர் இம்மலைநாட்டிலே நிலையாகக் குடியமர்ந்ததற்கும் அவள் விரலில் ஒட்டிய பொடிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. நேயர்களே, அந்தத் தொடர்பைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைப் பக்கத்திலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் பெருந்தோட்டமாகக் கோப்பி பயிரிடத் தொடங்கினார். தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் தாமே பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். ஆள்பவரே பயிரிடுபவராயுமிருந்தால் தெருக்கள் எத்திசை நோக்கிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்குரியன எனக் கொள்ள வழி செய்தது. அக்காணிகளைத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் மலிவு விலையில் வாங்கினர். காடு வெட்டப்பட்டது, எரிக்கப்பட்டது, சரிவுகளெங்குங் கோப்பி நாட்டப்பட்டது. 1867ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடியதும் பெரும்பாலும் கோப்பி மூடைகளுக்காகவே. 1870ஆம் ஆண்டளவில் இத்தீவிலிருந்து ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி ஏற்றுமதியாயிற்று.

இக்கோப்பியைப் பறித்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. தொண்டியிலும் பாம்பனிலும் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மெதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை அவர்கள் நடந்தே கடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கு எவரிடத்தும் இல்லை. அக்காலத்தில் அவர்கள் இங்கு நிலையாகத் தங்கவில்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் சில மாதங்களுக்கே உரிய வேலை. பெரும்பாலும் ஆண்களே கங்காணியின் பின்னே வந்து, பறிப்பு முடிந்ததும் கணக்கைத் தீர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினர். அவர்தம் தொழிலைப் பாடுபொருளாகக் கொண்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்னும் நூலை ஆபிரகாம் ஜோசப் என்பவர் 1869ஆம் ஆண்டிலே வெளியிட்டார். கோப்பியைச் செய்யுளிலே போற்றிய அதே ஆண்டிலேதான் கோப்பிக்குக் கூற்றுவனும் வந்து சேர்ந்தான்.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில், இலைகளின் அடியிலே செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்திலே உருளைக்கிழங்கை அழித்த நோயை முன்னரே ஆராய்ந்து, அதற்குக் காரணம் ஒரு பங்கசே என்று எடுத்துரைத்தவர் அவர். நுணுக்குக்காட்டியிலே இப்பொடியைப் பார்த்தபோது, அதன் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி என்றும், அது தோடம்பழச் சுளை போல ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதென்றுங் கண்டார். ஆகவே ‘பாதி வழவழப்பானது’ என்னும் பொருளில் ஹெமிலேயா என்றும், ‘பாழாக்குவது’ என்னும் பொருளில் வஸ்ராற்றிக்ஸ் என்றும் பெயரிட்டார். தோட்டத் துரைமாரின் நாவில் அப்பெயர் எளிதில் நுழையவில்லை; ‘நாசகாரி எமிலி’ என்று அதைத் திரித்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்த காலம் நெடிதன்று.

இந்நோய் கோப்பி மரத்தை ஒரே நாளில் கொல்வதில்லை. கொன்றிருந்தால் ஒருவேளை நன்மையாக இருந்திருக்கும்; துரைமார் அப்போதே விழித்திருப்பர். துரு பற்றிய இலை உதிரும். மரம் மீண்டுந் துளிர்க்கும். புதுத் துளிரையுந் துரு பற்றும். இலையே தாவரத்துக்குச் சமையலறை. ஆண்டிலே இரண்டு மூன்று முறை சமையலறையை இழந்த மரம் தன் காய்களுக்கு ஊட்ட வழியின்றி, தண்டிலே சேமித்ததைச் செலவிட்டு, நுனி காய்ந்து மெலிகிறது. ஓராண்டு விளைச்சல் குறையும். மறுவாண்டு சற்றுக் கூடும். அதற்கடுத்த ஆண்டு முன்னிலும் குறையும். இந்த ஏற்ற இறக்கமே மக்களை ஏமாற்றியது. மண் வளங்குன்றியதே காரணம் என்று சிலர் எருவைக் கொட்டினர். மழையைக் குறை கூறினர் சிலர். கோப்பியின் விலையோ அப்பத்தாண்டிலே உயர்ந்துகொண்டே போயிற்று. விளைச்சல் குறைந்தபோதிலும் வருமானங் குறையவில்லை. ஆதலால் மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பியே நாட்டினர். நோய் தோன்றி ஒன்பதாண்டு கழிந்து, 1878ஆம் ஆண்டளவில், கோப்பி நிலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கராகப் பெருகியிருந்தது. ஏக்கருக்குரிய விளைவோ பாதியளவாகச் சுருங்கியிருந்தது. வீடு பற்றி எரியும்போது கூரைக்கு மேலும் ஓலை வேய்ந்த கதை இது.

பேராதனையிலே துணைத் தலைவராயிருந்த டானியல் மொரிஸ் என்பார் கந்தகத்தையுஞ் சுண்ணாம்பையுங் கலந்து மரங்களின் மேல் தூவும்படி கூறினார். அதனாற் சிறிது பயன் விளைந்தது போலத் தோன்றியது. ஆயினும் சோதனை முற்றுப்பெறுமுன் அவர் யமேக்காவுக்கு மாற்றலாகிப் போனார். அதன்பின் 1880ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இந்நோயை ஆராய்வதற்கென்றே ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் வந்தார். கேம்பிரிட்ஜிலே கற்றவர். வயது இருபத்தைந்து. அத்தனை துரைமாரின் செல்வமும் அத்தனை தொழிலாளரின் சோறும் இந்த இளைஞரின் நுணுக்குக்காட்டியை எதிர்பார்த்து நின்றன எனலாம்.

வார்ட் செய்த சோதனைகள் எளிமையானவை. ஆதலால் எமது மாணவர்க்கு நான் அவற்றை விரும்பிக் கூறுவதுண்டு. வித்திகள் காற்றிலே செல்கின்றனவா என்று அறிய, கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டத்தில் அங்கங்கே வைத்தார். பிசுபிசுப்பிலே பறந்துவந்த வித்திகள் ஒட்டிக்கொண்டன. அடுத்து, நோயற்ற இலையின் அடிப்புறத்திலே ஒரு துளி நீரிட்டு, அதில் வித்திகளை வைத்துக் காத்திருந்தார். வித்தி நீரில் முளைத்து, நூல் போன்ற இழையை விட்டு, இலை மூச்சுவிடும் நுண்ணிய வாயாகிய இலைவாயின் வழியே உட்புகுந்தது. இரண்டு மூன்று வாரங்களிலே சரியாக அவ்விடத்திலே மஞ்சட் புள்ளி தோன்றியது. நீர் இல்லாத இடத்தில் வித்தி முளைக்கவில்லை. ஆகவே நோய்க்குக் காரணம் மண்ணுமன்று, மரத்தின் மூப்புமன்று. காற்றிலே வரும் வித்தியும் இலையிலே தங்கும் ஈரமுமே என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

இதிலிருந்து அவர் பெற்ற முடிவு அரியது. பங்கசு இலைக்குள்ளே புகுந்த பின்னர் அதனை அக்காலத்து எம்மருந்தாலும் எட்ட முடியாது. புகுமுன், இலையின் மேல் முளைக்கும் வேளையிலேயே அதனைத் தடுக்கவேண்டும். இக்காலத்து விவசாயப் போதனாசிரியர் ‘மருந்தை நோய் வருமுன் தெளியுங்கள்’ என்று கூறும்போது, அறிந்தோ அறியாமலோ வார்ட்டின் பாடத்தையே ஒப்புவிக்கிறார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நாட்டியதும், இடையே நின்று காற்றை மறித்த காடுகளை அழித்ததும் வித்திகளுக்குப் பெருந்தெரு அமைத்துக் கொடுத்தன என்பதையும் அவர் தம் அறிக்கைகளிலே எடுத்துக்காட்டினார்.

ஆனால் துரைமார் கேட்டது விளக்கமன்று, மருந்து. மருந்து அவரிடம் இல்லை. 1882ஆம் ஆண்டிலே அவர் நாடு திரும்பினார். எதிர்பார்த்தது கிட்டாமையால் அவர்மீது மனக்குறை கொண்டவரும் இருந்தனர். மூன்றாண்டு கழிந்து, 1885ஆம் ஆண்டிலே, பிரான்சு நாட்டின் மில்லார்டே என்னும் பேராசிரியர் துருசையுஞ் சுண்ணாம்பையும் நீரிற் கரைத்துத் திராட்சைக் கொடிக்குத் தெளிக்கும் போர்டோக் கலவையை உலகுக்கு அறிவித்தார். வார்ட் வேண்டி நின்ற மருந்து அதுவே. பிற்காலத்திலே கோப்பித் துருவையும் செம்பு மருந்துகளே கட்டுப்படுத்தின. இலங்கைக் கோப்பிக்கோ அது காலங்கடந்த செய்தி.

ஏனெனில் அதற்குள் எல்லாம் சரிந்துவிட்டன. பிரேசில் நாட்டுக் கோப்பி சந்தையிலே குவிந்து விலை வீழ்ந்தது. துருவால் மெலிந்த மரங்களைப் பச்சைச் செதிற்பூச்சியும் மொய்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதத்திலே கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்கள் அந்நாளில் மக்கள் கையிலே காசாகப் புழங்கியமையால், தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவிக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே இலங்கை அரசு தன் பெயரால் காசுத்தாள் வெளியிடுவதற்குச் சட்டமும் பிறந்தது.

துரைமாரின் துன்பத்தை எழுதியோர் பலர். கண்டிக் கிராமத்துச் சிங்களக் குடியானவரின் துன்பத்தை எழுதியோர் சிலரே. அவர்களும் தம் வீட்டுத் தோட்டத்திலே கோப்பி வளர்த்து, அதன் பணத்தால் நெல் வரியைக் கட்டிவந்தனர். கோப்பி போயிற்று, வரி போகவில்லை. வரி கட்ட இயலாதவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. வலப்பனைப் பகுதியிலே மக்கள் பசியால் மடிந்ததை அங்கிருந்த அரசாங்க உத்தியோகத்தரே அறிக்கையிட்டனர். பல வாதங்களுக்குப் பின் 1892ஆம் ஆண்டிலேதான் அவ்வரி நீக்கப்பட்டது.

தமிழ்த் தொழிலாளர் நிலையோ இருபுறமும் நெருப்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்திருந்தது. ஊரிலே சோறில்லாமல் இங்கு ஓடிவந்தவர்களுக்கு இங்கே சாகுந் தறுவாயிலிருந்த கோப்பியே வேலை கொடுக்கவேண்டியிருந்தது. தோட்டங்கள் முறிந்தபோது, மாதக்கணக்காகக் கிடைக்கவேண்டிய சம்பளம் கிடையாமற் போனவர் பலர். கடன்காரருக்குத் தோட்டம் ஈடாயிருந்தது. கூலிக்காரருக்கு ஈடாக இருந்தது துரையின் சொல் மட்டுமே.

சிலர் கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரத்தை நட்டனர். எல்லோரும் நட்டமையால் பட்டையின் விலையும் விழுந்தது. கை கொடுத்தது தேயிலையே. தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டிலே, அதாவது துரு தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்னரே, பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நாட்டியிருந்தார். அவருடைய பங்களா விறாந்தையே முதற் தொழிற்சாலை. 1873ஆம் ஆண்டிலே இலண்டனுக்குச் சென்ற முதற் தேயிலை இருபத்து மூன்று இறாத்தல். அந்நூற்றாண்டு முடியுமுன்னர் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவிற்று. கோப்பியோ, உச்ச காலத்து ஏற்றுமதியில் பத்திலொரு பங்குதானும் எஞ்சாமல் ஒடுங்கிற்று.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து வரும், வாரந்தோறும் எடுக்கவேண்டும், கவ்வாத்து வெட்டவேண்டும். பறிப்பு முடிந்து ஊருக்குப் போகும் மாதமென்று ஒன்று இல்லை. கொழுந்தெடுப்பதற்குப் பெண்கள் வேண்டியிருந்தனர். ஆகவே தனித்து வந்த ஆண்களின் இடத்திலே குடும்பங்கள் வந்தன, லயங்கள் நீண்டன, பிள்ளைகள் இங்கேயே பிறந்தனர், இறந்தோர் இங்கேயே புதைக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களிடம் முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, அவர்களிற் பலர் மலைக்கு வந்து இரண்டு தலைமுறை கழிந்திருந்தது. கையிலே பத்திரம் இல்லை.

துருவின் பயணம் இலங்கையோடு நின்றதன்று. தென்னிந்தியாவுக்கும் சுமாத்திராவுக்கும் யாவாவுக்கும் அது பத்தாண்டுக்குள் சென்றது. அத்திலாந்திக் கடலைக் கடக்க அதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1970ஆம் ஆண்டிலே பிரேசிலின் பாகியா மாநிலத்திலே காணப்பட்டது. 2012ஆம் ஆண்டிலே மத்திய அமெரிக்க நாடுகளின் கோப்பியை வாட்டி, அங்குள்ள தோட்டக் கூலிகளை வேலையற்றோராக்கிற்று.

எமது மலைகளிலே பட்டுப்போன கோப்பி மரங்களைப் பிடுங்கி, பட்டை சீவி, இங்கிலாந்துக்கு அனுப்பினார்களாம். அங்கே தேநீர் அருந்தும் மேசைகளுக்கு அவை கால்களாயினவாம். இச்செய்தியைக் கேட்ட என் மாணவி, அந்த மேசையிலே வைத்துக் குடித்தது எங்கள் தேயிலையா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். இலையைக் கொப்பியின் தாள்களுக்கிடையே வைத்துக்கொண்டு, விரலைப் பாவாடையிலே துடைத்துவிட்டுப் போனாள்.